ஆறு நாள் விற்ற பேய்க்கதை

2019 பெப்ரவரி 19ஆம் திகதி ஸ்டீம் தளத்தில் ஒரு பேய் கேம் விற்பனைக்கு வந்தது. பெப்ரவரி 25ஆம் திகதி அதைச் செய்தவர்களே அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு அது அந்தக் கடைக்குத் திரும்பவில்லை. பெயர் ‘டிவோஷன்’. தாய்வானின் தைபே நகரத்தில் இருக்கும் ரெட் கன்டில் கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. பெரிய கொம்பனி இல்லை, பெரிய காசு இல்லை. ஆறுதலாக விளையாடினாலும் மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஒரு விஜய் படம் பார்க்கிற நேரம்.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் அநேகமாக ஒரே பாட்டுத்தான் கேட்கும்: சீனா தடுத்தது, சுதந்திரம் தோற்றது, முற்றும். கதை அவ்வளவு நேராக ஓடவில்லை என்றபடியால்தான் இதை எழுதுகிறேன். அந்த கேமின் மேல் விழுந்த முதல் அடி எந்த அரசாங்கக் கந்தோரில் இருந்தும் வரவில்லை. காசு கொடுத்து வாங்கி விளையாடியவர்களின் பெருவிரலில் இருந்து வந்தது. வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இது சிக்கலான விசயம். ‘மக்கள் அபிப்பிராயம்’ என்ற ஒன்றை நாங்கள் மூலாதாரமாக எடுக்கிறோம். அந்த அபிப்பிராயம் மூன்று நாளில் தலைகீழாகப் புரண்டால், எந்த நாளின் அபிப்பிராயத்தை எழுதி வைப்பது?

ஒரு எச்சரிக்கை. கதையின் முடிவைச் சொல்லத்தான் போகிறேன். முதலில் விளையாட வேண்டும் என்றால் விளையாடிவிட்டு வாங்கோ, கட்டுரை எங்கேயும் போகாது.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் ‘டிவோஷன்’ என்றால் பக்தி என்ற பொதுவான சொல். சீனத்தில் வைத்த பெயர் ‘ஹுவான்யுவான்’. அதற்கு அர்த்தம், கடவுளிடம் வைத்த வேண்டுதல் நிறைவேறிய பிறகு சொன்னபடி திருப்பிச் செலுத்துவது. ஆங்கில விமர்சகர்கள் இதை விளக்க ஒரு பந்தி எழுதவேண்டி இருந்தது. எங்களுக்கு ஒரு சொல் போதும்: நேர்த்திக்கடன். காவடி எடுக்கிறவர், தூக்குக்காவடியில் தொங்குகிறவர், பிள்ளைக்குச் சுகமானால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்த அம்மம்மா, எல்லோருக்கும் தெரிந்த அதே கணக்குத்தான். இந்த விளையாட்டின் பயம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நேர்ந்துவிட்டு, எதைக் கொடுத்துத் தீர்ப்பது?

கதை 1980களின் தைபே. ஒரு பழைய தொடர்மாடி வீடு. டு பெங்-யூ ஒருகாலத்தில் பெயர் எடுத்த திரைக்கதை எழுத்தாளர், இப்போது அவருடைய கதைகளை ஒருவரும் வாங்குவதில்லை. மனைவி லி-பாங் கல்யாணத்துக்கு முன் புகழ்பெற்ற பாடகி, நடிகை. மகள் மெய்-ஷின் அம்மாவைப் போலப் பாட ஆசைப்படும் சின்னப்பிள்ளை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் பங்குபற்றுகிறாள். (தாய்வானில் 1965 முதல் 1998 வரை ‘ஐந்து விளக்கு விருது’ என்று ஒரு போட்டி நிகழ்ச்சி ஓடியது. அந்தத் தலைமுறைக்கு அது சனிக்கிழமைச் சடங்கு மாதிரி வீட்டோடு ஒட்டிய ஒன்று.) பிறகு பிள்ளைக்கு மூச்சு முட்டத் தொடங்குகிறது. வைத்தியர்கள் உடம்பில் குறை இல்லை, மனநல வைத்தியரிடம் காட்டுங்கள் என்கிறார்கள். தகப்பனுக்கு அது அவமானம். என்ர பிள்ளைக்கு விசரா எண்டு கேட்கிற தகப்பன்மாரை நாங்கள் அறியாதவர்களா? அவர் ‘சிகு குவான்யின்’ என்ற தெய்வத்தை வழிபடும் ஒரு கூட்டத்தின் சாமியாரம்மாவிடம் போகிறார். காசு போகிறது, மனைவி போகிறாள். கடைசியில் அந்த அம்மா சொன்னபடி குளியல் தொட்டியில் மதுவை நிரப்பி, மகளை அதற்குள் இருத்தி, ஏழு நாள் கதவைத் திறக்காமல் பூஜை செய்கிறார்.

இதில் பேய் என்று ஒன்று வருகிறதுதான். ஆனால் விளையாடி முடித்த எவரும் அந்தப் பேயைப் பற்றிப் பெரிதாகக் கதைப்பதில்லை. கதைப்பது தகப்பனைப் பற்றி. அவர் கெட்டவர் இல்லை. மகளில் உயிரை வைத்திருந்தவர். அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

முதல் இரண்டு மூன்று நாளில் வந்த அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியவை. ஸ்டீமின் மதிப்பீட்டுப் படிக்கட்டில் ஆக உயர்ந்த படிக்கு அது ஏறியது. தாய்வான் ஆக்களுக்கு வீட்டுச் சாமான்கள்: நாட்காட்டி, மீன்தொட்டி, கதிரை, டிவிப் பெட்டி எல்லாம் தங்கள் பாட்டி வீட்டில் இருந்த மாதிரியே இருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் ‘பி.டி.’யோடு ஒப்பிட்டார்கள். அது 2014இல் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷனில் இலவசமாக விட்டு, 2015இல் கடையில் இருந்து எடுத்துவிட்ட விளையாட்டு. ஒரே ஒழுங்கையில் திரும்பத் திரும்ப நடக்க வைத்தே ஆளைக் கொல்லும். டிவோஷன் அதனிடம் படித்திருப்பது உண்மை. ஆனால் பி.டி.யில் அந்த வீடு எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. இங்கே வீட்டை வேறு ஊருக்கு மாற்றினால் கதையே செத்துவிடும்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களை மறக்கக்கூடாது. நேரம் காணாது, விளையாட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை, சும்மா நடந்து திரிந்து கதவு திறக்கிறதுதான், துரத்துகிற கட்டம் சொதப்பல். கடைசிக் குறையை நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்தத் துரத்தல் யாரோ ‘பேய் கேம் எண்டால் ஒரு ஓட்டம் இருக்கோணும்’ என்று சொன்னதற்காகச் செருகிய மாதிரி இருக்கிறது. ஆனால் படக்கதைப் புத்தகத்துக்குள் நுழைந்து மகளோடு கதை சொல்லும் கட்டத்தை இதுவரை ஒருவர் குறை சொல்லி நான் காணவில்லை.

இந்தக் குழுவுக்கு இது இரண்டாவது விளையாட்டு. முதலாவது 2017 ஜனவரியில் வந்த ‘டிடென்ஷன்’. அதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. தாய்வானில் 1949 மே மாதம் தொடங்கிய இராணுவச் சட்டம் 1987 ஜூலை 15 வரை நீடித்தது. 38 வருடம். சீனப் பெருநிலத்தில் தோற்றுத் தீவுக்கு வந்த சியாங் கை-ஷெக்கின் கோமிந்தாங் கட்சி, கம்யூனிஸ்ட் உளவாளிகளைப் பிடிக்கிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் போட்டது, பலரைச் சுட்டது. ‘வெள்ளைப் பயங்கரம்’ என்பது அந்தக் காலத்துக்குப் பெயர். டிடென்ஷன் 1960களின் ஒரு மலையோரப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. தடைசெய்த புத்தகங்களை ஒளித்து வாசிக்கும் ஒரு வாசிப்பு வட்டம். அதைக் காட்டிக்கொடுத்த ஒரு மாணவி. தான் செய்ததை மறக்கப் பார்த்து மறக்க முடியாமல் அதே பள்ளிக்கூடத்தில் சுற்றித் திரியும் அவளுடைய ஆவி. 1949இல் கீலுங் நகரப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரகசியப் பத்திரிகை ஒன்றின் பேரில் நடந்த கைதுகள் இந்தக் கதைக்கு ஒரு பின்புலம். அந்தப் பள்ளிக்கூட அதிபர் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாடப்புத்தகத்தில் இரண்டு பந்தியாக இருந்ததை இருபது வயதுப் பெடியள் ஒரு பேய் கேமில் உணர்ந்தார்கள் என்பதுதான் டிடென்ஷன் பற்றி அப்போது அடிக்கடி சொல்லப்பட்டது. 2019 செப்டெம்பரில் அது படமாக வந்தது. அந்த வருடக் ‘கோல்டன் ஹோர்ஸ்’ விழாவில் ஐந்து விருது. அதே விழாவைச் சீனத் திரைத்துறை அந்த வருடம் புறக்கணித்திருந்தது.

ஆக டிவோஷன் வரும்போதே இந்தக் குழுவின் பெயருக்குப் பின்னால் அரசியல் நின்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. டிடென்ஷனில் குற்றவாளி கோமிந்தாங். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியை அது தொடவில்லை. டிவோஷன் அதைவிடவும் வீட்டுக்குள் இருக்கிற கதை. பெருநிலச் சீனாவில் இரண்டுக்கும் உண்மையான ரசிகர்கள் இருந்தார்கள். கெட்டுப்போன நேர்த்தி, டிவிப் போட்டிக்குப் பிள்ளையைத் தள்ளும் பெற்றோர், மனநோயை வெட்கமாக நினைக்கும் குடும்பம் என்று அவர்களுக்கும் பழக்கமான சங்கதிகள்தான்.

பிறகு அந்தத் தாள்.

பெப்ரவரி 21ஆம் திகதி அளவில் விளையாடியவர்கள் சிலர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு மந்திரத் தாளைக் கூர்ந்து பார்த்தார்கள். அதில் பழைய முத்திரை எழுத்துவடிவில் ‘ஷி ஜின்பிங் - வின்னி த பூ கரடி’ என்று எழுதியிருந்தது. சுற்றிவர இருந்த எழுத்துகளைத் தாய்வானின் மின்னான் பேச்சில் வாசித்தால் தாயை இழுத்துத் திட்டுகிற வசை. சீன ஜனாதிபதியை அந்தக் கார்ட்டூன் கரடியோடு ஒப்பிடுவது 2013இல் இருந்து ஓடுகிற மீம். ஒபாமாவும் அவரும் சேர்ந்து நடக்கும் படம் ஒன்றோடு தொடங்கியது. சீன இணையத்தில் அதை அழித்துக்கொண்டே இருப்பார்கள்.

குழு உடனே அந்தத் தாளை மாற்றியது, மன்னிப்புக் கேட்டது. குழுவில் ஒருவர் தற்காலிகமாக வைத்த படம், பிறகு மாற்ற மறந்துபோனது, பொறுப்பு முழுக் குழுவுக்கும் என்றார்கள். நம்பலாமா என்றால், விளையாட்டுச் செய்கிறவர்கள் இப்படித் தற்காலிகப் படங்களைப் போட்டு வேலை செய்வது வழமைதான். என்னுடைய அபிப்பிராயம்: அது கீழ்த்தரமான பகிடி, கதைக்கு ஒரு சதமும் பிரயோசனம் இல்லாதது. அதிகாரத்தை எதிர்த்த கலை என்று அந்தத் தாளைத் தூக்கிப் பிடிக்கிறவர்களை நான் விளங்கிக்கொள்ளவில்லை. எதிர்த்த கலை டிடென்ஷன். இது வகுப்பு மேசையில் கீறின கிறுக்கல்.

ஆனால் விலை கிறுக்கலுக்கு உரியதாக இருக்கவில்லை. ஒன்றிரண்டு நாளில் எளிமைப்படுத்திய சீன எழுத்தில் பெருவிரல் கீழே காட்டும் மதிப்புரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆக உச்சியில் இருந்த மதிப்பீடு எதிர்மறைப் பக்கத்துக்குச் சரிந்தது. ஆங்கிலத்தில் இதை ரிவியூ குண்டுவீச்சு என்பார்கள். 23ஆம் திகதி சீனாவில் இருந்து வாங்க முடியாமல் போனது. வெய்போவில் குழுவின் கணக்கு மறைந்தது. சீனாவில் வெளியிட ஒப்பந்தம் செய்த இரண்டு நிறுவனங்களும் கையைக் கழுவின. அவற்றில் ஒன்றான இண்டிவென்டின் வர்த்தக உரிமம் ரத்தானதாக ஜூலையில் செய்தி வந்தது. 25ஆம் திகதி, தொழில்நுட்பப் பிழைகள் திருத்த வேண்டும், உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, முழு உலகத்திலும் விற்பனையை நிறுத்தினார்கள்.

இந்த ஆயிரக்கணக்கான ஆட்களை ‘மூளைச்சலவை செய்யப்பட்ட தேசியவாதிகள்’ என்று ஒரே சாக்குக்குள் போடுவது சுகம். ஆனால் அப்போது அவர்கள் நின்ற இடத்தைக் கொஞ்சம் பாருங்கோ. 2018இல் மார்ச் தொடக்கம் டிசெம்பர் வரை சீன அரசாங்கம் ஒரு புது விளையாட்டுக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஸ்டீம் அங்கே முறையான அனுமதி இல்லாமல், கண்டும் காணாத மாதிரி விடப்பட்ட ஒரு கதவு. அதன் சமூகப் பக்கங்கள் 2017 டிசெம்பரிலேயே தடுக்கப்பட்டிருந்தன. உலகத்தின் மற்ற விளையாட்டுகளைத் தொட அவர்களுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். அந்த நேரத்தில் ஒரு சுவரில் ஜனாதிபதியின் பெயரை எழுதி வைத்தால், கதவை மூடுவதற்குக் காரணத்தை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். அந்தக் கோபத்தில் பயம் இருக்கிறது. ஏமாற்றமும் இருக்கிறது. அந்த நாட்களில் அடிக்கடி பாவிக்கப்பட்ட ஒரு சீனத் தொடர் உண்டு, ‘பொதிக்குள் சொந்தச் சரக்கை ஒளித்துக் கடத்துவது’ என்ற அர்த்தத்தில். நாங்கள் குடும்பக் கதைக்கென்று அழுதோம், நீங்கள் பின்னால் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள் என்ற மனத்தாங்கல் அது. உண்மையான தேசியவெறியும் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. பெருவிரலுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. பயந்தவன், காயப்பட்டவன், வெறியன், சும்மா கூட்டத்தோடு போனவன், எல்லோருக்கும் ஒரே கீழ்ப்பெருவிரல். எண்ணிக்கை கூட்டுகிற கணக்கில் நான்கும் ஒன்று.

மறுகரையிலும் அப்படித்தான். தாய்வானின் துணைப் பிரதமர் சென் சி-மாய் படைப்புச் சுதந்திரத்தைப் பற்றிக் கதைத்து ஆதரவு சொன்னார். விளையாட்டு ஒரு கொடியாகிவிட்டது. மெய்-ஷினை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஸ்டீம் இதற்கு முன்பும் இப்படி அடிபட்டதுதான். 2017 செப்டெம்பரில் ‘பயர்வோச்’ என்ற விளையாட்டைச் செய்தவர்கள் ஒரு பிரபல யூடியூபரின் இனவாதச் சொல்லைக் கண்டித்து அவருடைய வீடியோவை எடுக்கச் செய்தபோது, அவருடைய ரசிகர்கள் கீழ்ப்பெருவிரலைக் கொட்டினார்கள். அந்த மாதமே ஸ்டீம் மதிப்புரைகளை நாள்வாரியாக வரைபடத்தில் காட்டத் தொடங்கியது. எந்த நாளில் மலை எழும்பியது என்று வாசகர் தானே பார்க்கலாம். டிவோஷன் போய் மூன்று கிழமையில், 2019 மார்ச் 15ஆம் திகதி, விளையாட்டோடு சம்பந்தம் இல்லாத காரணத்துக்காகக் குவியும் மதிப்புரைகளை மொத்த மதிப்பீட்டில் சேர்க்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். நல்லது போலத்தான் தெரிகிறது. ஆனால் எது சம்பந்தம் இல்லாதது என்று யார் தீர்மானிப்பது? சுவரில் இருந்த அந்தத் தாளும் விளையாட்டுக்குள் இருந்த பொருள்தானே.

மூலாதாரம் என்ற வகையில் இன்னொரு கரைச்சல். ஸ்டீமில் உங்கள் மதிப்புரையை நீங்களே திருத்தலாம். திருத்தினால் பழைய வாசகம் போய்விடும். பதிவிட்ட திகதியும் திருத்திய திகதியும் மட்டும் நிற்கும். பெப்ரவரி 20ஆம் திகதி அழுதுவிட்டு ஒரு பந்தி எழுதிய ஒருவர், 22ஆம் திகதி அதை அழித்துவிட்டு ஒரு வசையை எழுதினால், பின்னால் வருகிற ஆய்வாளருக்குக் கிடைப்பது இரண்டு திகதியும் ஒரு வசையும். கம்பஸில் எங்களுக்கு ஓலைச்சுவடியில் ஏடு விட்டுப்போனால் என்ன செய்வது என்று படிப்பிக்கிறார்கள். ஏடு தன்னைத்தானே அழித்து எழுதினால் என்ன செய்வது என்று இன்னும் பாடம் வரவில்லை.

மிச்சக் கதை சுருக்கம். 2020இல் ஹார்வர்டின் யென்சிங் நூலகம் இரண்டு விளையாட்டையும் தன் சேகரிப்பில் சேர்த்தது. விற்க முடியாத ஒரு விளையாட்டு, புத்தகங்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தது. அதே வருடம் டிசெம்பர் 16ஆம் திகதி போலந்தின் ஜி.ஓ.ஜி. கடையில் இன்னும் இரண்டு நாளில் டிவோஷன் விற்பனைக்கு வரும் என்று ரெட் கன்டில் அறிவித்தது. சில மணித்தியாலத்தில் ஜி.ஓ.ஜி. அதை விற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டது. விளையாட்டாளர்களிடம் இருந்து நிறையச் செய்திகள் வந்தனவாம், அதனால்தானாம். இந்தக் காரணம்தான் எனக்கு இந்த முழுக் கதையிலும் ஆகப் பெரிய பகிடி. 2019இல் விளையாட்டாளரின் அபிப்பிராயம் குறைந்தபட்சம் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால், எழுத்தில், திகதியோடு இருந்தது. இப்போது ஒருவரும் காணாத செய்திகளின் பெயரில் ஒரு கொம்பனி முடிவெடுக்கிறது. ஜி.ஓ.ஜி.யின் அப்போதைய தாய் நிறுவனம் ஆறு நாளுக்கு முன்தான் ‘சைபர்பங்க் 2077’ஐ உலகம் முழுக்க வெளியிட்டிருந்தது. சீனச் சந்தை அதற்குச் சின்ன விசயம் இல்லை. அந்த அறிவிப்புக்குக் கீழே ‘எந்த விளையாட்டாளர்?’ என்று கேட்டு வந்த பதில்களுக்குக் கணக்கில்லை.

2021 மார்ச் 15ஆம் திகதி ரெட் கன்டில் தங்கள் சொந்தத் தளத்திலேயே கடை திறந்தது. விலை 16.99 டொலர், பிரதிப் பூட்டு எதுவும் இல்லை. எங்கட காசுக்கு அது லேசான தொகை இல்லை, இருந்தாலும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு அறையில் லைட்டை அணைத்துவிட்டு விளையாடக்கூடிய விளையாட்டு. காதுக்குள் ஹெட்போன் இல்லாவிட்டாலும் நல்ல ஸ்பீக்கர் வேண்டும். அம்மா பாடிய ‘துறைமுகப் பெண்’ பாட்டை மகள் பாடும் இடம் வரும், அப்போது ஒருவரையும் கதைக்க விடாதேயுங்கோ.

இப்போது விற்கிற பிரதியில் அந்த வாசகம் இல்லை. முதல் இரண்டு நாளில் வாங்கியவர்களின் கணினியிலும் ஸ்டீம் தன்பாட்டில் புதுப் பிரதியை ஏற்றிவிட்டது. அந்த மந்திரத் தாள் இருந்தபடியே வேண்டும் என்றால், அதைக் கண்டு கோபப்பட்டவர்கள் அன்றைக்கு எடுத்துப் பகிர்ந்த ஸ்கிரீன்ஷொட்களில்தான் தேட வேண்டும்.